நான்கு முழச் சுவர்

சிகாகோவில் ஜாக்சன் தெருவும் டியர்பார்ன் தெருவும் சந்திக்கும் முனையில் மோனாட்நாக் கட்டடம் நிற்கிறது. என் அலுவலகத்துக்குப் போகும் வழி அதுதான் என்பதால், எட்டு வருடங்களாக வாரத்தில் ஐந்து நாள் அதன் நிழலில் நடக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். 1891இல் கட்டி முடித்தது, 16 மாடி, 215 அடி உயரம், வெளிச்சுவர் முழுக்கச் செங்கல்லே பாரம் சுமக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வந்தவர்கள் கழுத்தை வளைத்து மேலே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். போன செப்டம்பரில் அப்பா வந்தபோதும் இதையேதான் சொன்னேன். அப்பா மேலே பார்க்கவில்லை. சுவர் தரையைத் தொடும் இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இவ்வளவு பாரத்தையும் எந்த மண்ணில் இறக்கினார்கள், தாயி?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி அதற்குப் பிறகு என்னை விடவே இல்லை.

அப்பா கொத்தனார். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் நாற்பது வருடம் கரணை பிடித்தவர். எங்கள் பக்கத்தில் அஸ்திவாரக் குழி எடுப்பதற்கு ‘வானம் தோண்டுவது’ என்று பெயர். சிறு வயதில் அதைக் கேட்டுக் குழம்பியிருக்கிறேன். தரையில் தோண்டுகிற பள்ளத்துக்கு எப்படி வானம் என்று பெயர் வந்தது என்று யாரும் விளக்கிச் சொன்னதில்லை. கரிசல் காட்டில் வானம் தோண்டுவது சாதாரண வேலை அல்ல. மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண் அது. மேலே எவ்வளவு அழகாகக் கட்டினாலும், அடியில் கெட்டித் தரை தட்டாமல் விட்டுவிட்டால் இரண்டாவது கோடையில் சுவரில் கோடு விழும். அதனால் அப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் விரிசல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். விரிசல் இருந்தால் அவர் பார்வை கீழே போகும். சுவர் சொல்கிற குறைக்குக் காரணம் மண்ணில் இருக்கும் என்பது அவர் தொழில் கற்றுத்தந்த பழக்கம்.

அன்றைக்குக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் ஜாக்சன் தெரு வாசலுக்குப் போனார். அந்த வாசல் இவ்வளவு பெரிய கட்டடத்துக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறியது. குகைக்குள் நுழைவதுபோல் சுவரின் கனத்தைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். அப்பா வாசலின் பக்கச் சுவரில் முழங்கையை ஊன்றி, வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்புவரை முழம் போட்டார். ஏறத்தாழ நான்கு முழம் வந்தது. ஆறு அடி. இந்தச் சுவரே உச்சியில் 18 அங்குலம்தான் என்று நான் சொன்னதும், “அப்படியானால் மேலே ஒரு முழம். இரண்டு கல் சுவர். கீழே எட்டுக் கல்” என்றார். ஊரில் ஒரு கல் சுவர் என்றால் முக்கால் அடி. எங்கள் வீடே ஒரு கல் சுவர்தான். எட்டு வருடங்களாக ‘அடியில் ஆறு அடி கனம்’ என்று மனப்பாடமாகச் சொல்லிவந்த எனக்கு, அந்தக் கனம் என்ன என்பது ‘எட்டுக் கல்’ என்று அவர் சொன்னபோதுதான் உறைத்தது. எங்கள் வீட்டுச் சுவர்கள் எட்டை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியதுபோல் அது என் கண்முன் வந்தது.

பிறகு அவர் மூலையைப் பார்த்தார். மோனாட்நாக்கின் மூலை அடியில் கூராகத் தொடங்கி மேலே போகப்போக மெல்ல மழுங்கிக்கொண்டே போகிறது. தரைத்தளத்துக்கு மேலே சுவர் ஒரு வளைவெடுத்து உள்வாங்குகிறது. உச்சியில் மறுபடி வெளியே மலர்கிறது. இந்த வளைவுகளுக்கென்றே அச்சு செய்து கல் அறுத்திருக்கிறார்கள். அப்பா விரல் நுனியால் வளைவுக் கற்களின் விளிம்பைத் தடவி, “கரணையால் தட்டி உடைத்த கல் ஒன்றுகூட இல்லை” என்றார். கருஞ்சிவப்பான அந்தக் கற்களுக்கு நடுவே சாந்து வரி அவ்வளவு மெல்லியது. ஒரு கொத்தனார் இன்னொரு கொத்தனாரின் வேலையை எப்படிப் பார்ப்பார் என்பதை அன்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மிக மெதுவாக, வாய் திறக்காமல், வரி வரியாகப் பார்த்தார்.

புறாக்களுக்கு இடமில்லை

இந்தக் கட்டடத்தின் முகத்தில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. பூவேலை இல்லை, சிலை இல்லை, ஒவ்வொரு மாடிக்கும் விளிம்பு கட்டிக் காட்டுகிற பட்டை இல்லை. 1890களின் அமெரிக்காவில் இது பெரிய துணிச்சல். ஆனால் அந்தத் துணிச்சல் முதலில் கட்டடக் கலைஞரிடமிருந்து வரவில்லை, பணம் போட்டவரிடமிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். பாஸ்டன் நகரத்துச் சகோதரர்கள் பீட்டர் புரூக்ஸும் ஷெப்பர்ட் புரூக்ஸும் சிகாகோவில் முதலீடு செய்தவர்கள். ஓவன் ஆல்டிஸ் என்ற வழக்கறிஞர் அங்கே அவர்களுக்கு முகவர். பீட்டர் புரூக்ஸ் சிக்கனமானவர், புதிதாக வந்த இரும்புச் சட்டகக் கட்டுமானத்தில் அவ்வளவாக நம்பிக்கை வைக்காதவர். துருத்திக்கொண்டு நிற்பவை அழுக்கைச் சேர்க்கும், கட்டடத்துக்கு வலுவும் தராது, போதாக்குறைக்குப் புறாவும் குருவியும் வந்து அடையும், ஆகவே எல்லாம் மட்டமாக இருக்கட்டும் என்று அவர் ஆல்டிஸுக்குக் கடிதம் எழுதினார்.

வரைய வேண்டியவர் ஜான் வெல்பார்ன் ரூட். பொறியியல் படித்தவர், கட்டடக் கலைஞர் டேனியல் பர்னாமின் கூட்டாளி. ரூட்டின் முதல் வரைபடங்களில் எகிப்திய அலங்காரங்கள் இருந்தன. அவர் விடுமுறைக்குக் கடற்கரை போயிருந்த நேரத்தில், பர்னாம் ஒரு வரைவாளரை அழைத்து, மேலும் கீழும் நேராக, ஒரு வளைவும் நெளிவும் இல்லாத மொட்டைக் கட்டடம் ஒன்றை வரையச் சொன்னார் என்று ரூட்டின் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அதை எழுதியவர் அவருடைய மனைவியின் சகோதரி ஹாரியட் மன்றோ. திரும்பி வந்த ரூட்டுக்குக் கோபம். பிறகு அந்த வரைபடத்தின் முன் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, எகிப்தியப் பிரமிடின் கனத்த சாய்கோடுகள் மனதில் எழுந்தன. அலங்காரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுவரையே ஒரே மூச்சில் வளைத்து மேலே கொண்டுபோனார். செலவுக் கணக்கு பார்த்தவர் வேண்டாம் என்றதைக் கலைஞன் தன்னுடைய விருப்பமாகவே மாற்றிக்கொண்ட தருணம் அது. அழகு சேர்க்க ஒன்றும் மிஞ்சாதபோது சுவரின் கனம் மட்டும்தான் அவர் கையில் இருந்தது. அதை மறைக்காமல் காட்டினார்.

அவர் அதை முழுமையாகப் பார்க்கவில்லை. 1893 உலகக் கண்காட்சிக்கான திட்ட வேலைகள் தொடங்கிய நேரத்தில், 1891 ஜனவரி 15 அன்று நிமோனியாவில் இறந்துபோனார். வயது 41. கட்டடம் அதே ஆண்டில்தான் முடிந்தது.

உள்ளே போனால் வேறு உலகம். கட்டடம் ஒடுக்கமானது, அகலம் 70 அடிகூட வராது. அதனால் நடுவில் ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் அறைகள், எல்லா அறைக்கும் தெருப்பக்கம் ஜன்னல். அலைபோல் புடைத்து நிற்கும் ஜன்னல்கள் வெளிச்சத்தை வாரி உள்ளே தருகின்றன. அறைக்கும் நடைபாதைக்கும் நடுவே மங்கிய கண்ணாடித் தடுப்புகள் இருப்பதால் அறையின் வெளிச்சம் நடைபாதைக்கும் வந்துசேர்கிறது. தரைத்தள மாடிப்படியில் வார்ப்பு அலுமினியம் இருக்கிறது. மலிவாக அலுமினியம் எடுக்கும் முறை 1886இல்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கட்டடம் ஒன்றில் அந்த உலோகம் இடம்பெற்ற முதல் சில சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று. அப்பா கைப்பிடியின் இலை வேலைப்பாட்டைத் தட்டிப் பார்த்து, “பாத்திரச் சத்தம்” என்றார்.

பக்கத்து வீட்டு எஃகு

மோனாட்நாக் உண்மையில் இரண்டு பாதி. நான் இதுவரை சொன்னது ஜாக்சன் தெரு முனையிலுள்ள வடக்குப் பாதி. தெற்குப் பாதியை 1893இல் ஹொலபேர்ட் - ரோச் நிறுவனம் எஃகுச் சட்டகத்தில் கட்டியது. சேர்த்துப் பார்த்தால் சுமார் 400 அடி நீளத்துக்கு ஒரே தெருச்சுவர். உரிமையாளர்கள் அதை நான்கு கட்டடங்களாகக் கணக்கிட்டு, நியூ இங்கிலாந்து மலைகளின் பெயரை வைத்தார்கள்: மோனாட்நாக், கியர்சார்ஜ், கட்டாடின், வாச்சூசெட். கட்டி முடித்த காலத்தில் உலகத்திலேயே பெரிய அலுவலகக் கட்டடம் அதுதான். வடக்கோடு ஒப்பிட்டால் தெற்குப் பாதியின் செலவு 15 சதவீதம் குறைவு, எடை 15 சதவீதம் குறைவு, வாடகைக்கு விடக்கூடிய இடம் 15 சதவீதம் அதிகம் என்று ஒரு கணக்கு உண்டு. ஆறு அடிச் சுவர் விழுங்கிய இடமெல்லாம் தெற்கில் வாடகையாகத் திரும்பி வந்தது. இரண்டே வருட இடைவெளியில், ஒரே உரிமையாளர்கள், ஒரே தெரு, ஒரே வாடகைச் சந்தை. வடக்கே செங்கல், தெற்கே எஃகு. இவ்வளவு தெளிவாக ஒரு யுகம் மாறுவதை வேறெங்கும் கைவைத்துத் தொட்டுப் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்த ஒப்பீட்டைச் சொல்கிறவர்கள் பலரும் வடக்குப் பாதியை ஒரு தவறாகவே சொல்கிறார்கள். என்னுடன் வேலை செய்யும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர், “இரும்புச் சட்டகம் 1885இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் செங்கல்லில் 16 மாடி கட்டியது வெறும் பிடிவாதம்” என்று ஒருநாள் சொன்னார். அவர் குறிப்பிட்டது கட்டடக் கலைஞர் ஜென்னி சிகாகோவில் கட்டிய ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தை. அந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவே இல்லை. அவர் கணக்கு சரி. புரூக்ஸின் அவநம்பிக்கையும் உண்மை. ஆனால் மோனாட்நாக்கை வெறும் பழைமை என்று ஒதுக்குகிறவர்கள் உள்ளே பார்ப்பதில்லை. வெளிச்சுவர்தான் செங்கல். உள்ளே தளங்களைத் தாங்குவது இரும்புத் தூண்களும் உத்திரங்களும். ஒடுக்கமும் உயரமுமான அந்தக் கட்டடத்தைச் சிகாகோவின் காற்று தள்ளாமல் இருக்க, தூண்களுக்கு நடுவே இரும்புப் பிணைப்புகளை ஆணியறைந்து பூட்டியிருக்கிறார்கள். காற்றை எதிர்கொள்ள அமெரிக்காவில் இந்த முறையைக் கையாண்ட முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று. இரும்பை அறியாதவர்கள் கட்டிய கட்டடம் இது என்று யாராலும் சொல்ல முடியாது.

தெற்குப் பாதியின் சுவரையும் அப்பா தொட்டுப் பார்த்தார். அங்கேயும் செங்கல்தான், நிறமும் கிட்டத்தட்ட அதே நிறம்தான். “இங்கே கல் சுமக்கவில்லை, போர்த்தியிருக்கிறது” என்றார். சொல்லிவிட்டு, அதுவும் நல்ல வேலைதான் என்று உடனே சேர்த்துக்கொண்டார். எனக்கு இரண்டில் எது பிடிக்கும் என்பதில் தயக்கமே இல்லை. ஜாக்சன் தெருவுக்கு எதிர்ப்புறம் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த கறுப்பு எஃகுக் கட்டடங்கள் நிற்கின்றன. எஃகு தன் முகத்தோடு வெளியே வர அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. அவற்றுக்கும் மோனாட்நாக்கின் வடக்குப் பாதிக்கும் எழுபது வருடத்துக்கு மேல் இடைவெளி. ஆனாலும் தெருவின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தால் அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தோன்றும். சுமப்பது எதுவோ அதையே காட்டுகிறவை. காலத்தால் நடுவிலுள்ள தெற்குப் பாதிதான், விளிம்பும் பூவேலையுமாக, பழைய காலத்துப் பழக்கத்துக்குத் திரும்பியதுபோல் இருக்கிறது. கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் வடக்குப் பாதியைச் செங்கல்லால் ஆன செங்குத்துப் பாறை என்று வியந்து எழுதினார். அதைவிடச் சரியாக ஒருவரும் சொல்லவில்லை.

இருபது அங்குலம்

அன்றிரவு அப்பா தூங்கிய பிறகு நான் அவருடைய கேள்விக்கான பதிலைத் தேடி உட்கார்ந்தேன். இந்தக் கட்டடத்தைப் பற்றி இத்தனை வருடம் நான் சேர்த்ததெல்லாம் மேல்நோக்கிய விவரங்கள். கீழ்நோக்கி ஒன்றுகூட இல்லை. சிகாகோ ஏரிக்கரை ஊர். அடியில் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மென்மையான களிமண். பாறை தட்ட வேண்டுமென்றால் 100 அடிக்குமேல் போக வேண்டும். அந்தக் காலத்தில் அவ்வளவு ஆழத்துக்கு யாரும் போகவில்லை. மேலாக இருக்கும் சற்றே கெட்டியான களிமண் அடுக்கின்மேல் பாரத்தைப் பரப்பி வைப்பார்கள். முன்பெல்லாம் அதற்குப் பாறைக் கற்களைப் படிப்படியாக அகலமாக அடுக்குவார்கள், நிலவறை முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்ளும். 1882இல் மாண்டாக் என்ற கட்டடத்துக்கு ரூட் ஒரு வழி கண்டுபிடித்தார். ரயில் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கான்கிரீட்டில் புதைத்தார். கனம் குறைந்து, பாரம் பரவியது. மோனாட்நாக்கிலும் இதே யோசனைதான்: எஃகு உத்திரங்கள் புதைத்த கான்கிரீட் தெப்பம் ஒன்று, சுவரின் எல்லையைத் தாண்டித் தெருவுக்கு அடியிலும் நீண்டு கிடக்கிறது. எட்டுக் கல் சுவர் அந்தத் தெப்பத்தில்தான் மிதக்கிறது.

மிதக்கிறது என்றால் அமுங்கும். ரூட்டுக்கு அது தெரியும். எட்டு அங்குலம் இறங்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கு இடம் வைத்தே கட்டினார்கள். 1905க்குள் அந்த எட்டையும் தாண்டி இன்னும் சில அங்குலம் இறங்கிவிட்டது. தரைத்தளத்தைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அளந்தபோது 20 அங்குலம். அந்த எண்ணைப் படித்தபோது நான் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுவிட்டேன். ஒரு முழத்துக்கும் மேலே! நான் ஐந்து நாளும் கடந்துபோகிற அந்தச் சுவரில் ஒரு முழத்துக்குமேல், இன்றைக்குத் தரைக்குக் கீழே இருக்கிறது. 215 அடி என்று விருந்தாளிகளிடம் நான் சொல்லிக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்த எண்ணுக்கு ஒரு மறுபக்கம் இருந்திருக்கிறது. அப்பா அதைப் பார்த்தவுடனே கேட்டார்.

பொறியாளர் நண்பரின் பிடிவாதக் குற்றச்சாட்டு எனக்கு ஏன் செரிக்கவில்லை என்பதும் அந்த இரவில்தான் புரிந்தது. எஃகு செங்கல்லை வென்றதற்கு உயரம் மட்டும் காரணமல்ல. சுவர் இன்னும் கனமாகியிருந்தால் 17, 18 மாடிகூட வந்திருக்கும். சிகாகோவின் மண்தான் போதும் என்றது. சுவரைத் தடித்தால் வாடகை இடம் போகிறது என்பது ஒரு கணக்கு. சுவரைத் தடித்தால் அந்தச் சுவரே தன் கனத்தால் மண்ணுக்குள் போகிறது என்பது அதைவிடப் பெரிய கணக்கு. அந்த எல்லைவரை போய், மண்ணிடமிருந்து பதில் வாங்கி வந்த கட்டடம் இது. இப்படி ஒன்று கட்டப்படாமலே போயிருந்தால் எல்லை எங்கே என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேலும் படித்தேன். மோனாட்நாக் முடிந்து இரண்டு மூன்று வருடத்துக்குள் சிகாகோவில் வேறொரு முறை வந்துவிட்டது. பங்குச்சந்தைக் கட்டடத்தின் ஒரு பக்கச் சுவருக்கு, பக்கத்துக் கட்டடத்தின் அச்சு இயந்திரங்களுக்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்காக, கிணறு கிணறாகத் தோண்டிக் கெட்டித் தரைவரை போனார்கள். கையால் தோண்டி, சுற்றிலும் பலகை கொடுத்து, மண்ணை வாளியில் தூக்கி, பிறகு உள்ளே காரை நிரப்பி. காலையில் இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “கிணறு இறக்கித் தூண் நிறுத்தியிருக்கிறார்கள்” என்றார். பிறகு, “இந்தக் கட்டடத்துக்கு மட்டும் தோண்டவே இல்லையா?” என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. 1940இல் டியர்பார்ன் தெருவுக்கு அடியில் சுரங்க ரயில் பாதை வெட்டினார்கள். பக்கத்திலேயே மண்ணைக் குடைந்தால் தெப்பம் என்ன ஆகும்? அதனால் மோனாட்நாக்கின் கிழக்குச் சுவருக்கு அடியில் கெட்டித் தரைவரை குழிகள் இறக்கித் தூண் கொடுத்தார்கள். கட்டி ஐம்பது வருடம் ஆன பிறகு, அதன்மேல் 16 மாடியும் நின்றுகொண்டிருக்கும்போதே அதற்கு வானம் தோண்டியிருக்கிறார்கள். அப்பா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மேலே ஆட்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதா என்று கேட்டார். அலுவலகங்கள் அங்கேயேதான் இருந்தன என்றேன்.

மாலையில் அவரை ஜாக்சன் சுரங்க நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நடைமேடை நீளமானது, வெளிச்சம் குறைவு, பழைய ஈரத்தின் வாசனை. தண்டவாளத்துக்கு அப்பால் சுவர். நான் மேற்குப் பக்கத்தைக் காட்டி, அதற்குப் பின்னால், சற்று மேலே இருக்கிறது என்றேன். அப்பா நடைமேடையின் தூண் ஒன்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்தார். ரயில் வந்தது. தூண் அதிர்வது அவர் கையில் தெரிந்திருக்க வேண்டும். ரயில் நின்று, கதவு திறந்து, மூடி, கிளம்பிப் போய், அதிர்வு முழுக்க அடங்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை. “தினமும் இப்படித்தானா?” என்றார். ராத்திரியிலும்தான் என்றேன். அடுத்த ரயிலுக்கும் அப்படியே நின்றார். மூன்றாவது ரயிலில்தான் ஏறினோம்.